நெடுநாள் கழித்துக் குழலைக் கையிலெடுத்த அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

விரல்கள் வர்ணத்தை (கர்நாடக இசையின் பயிற்சி உருப்படியை) மறக்கவில்லை, நாதம்தான் வரவில்லை, வெறும் காற்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பல வருடம் விட்டு வாசிக்கும் எல்லோருக்கும் முதலில் நேர்வது இதுதான். விரல் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது; உதட்டைச் சுற்றியுள்ள தசைகள்தான் தளரும். தளர்ந்த உதடு காற்று வரும் இடைவெளியை அகலமாக விட்டுவிடும். அகன்ற காற்று ஊதுதுளையின் எதிர் விளிம்பில் கூர்மையாக மோதாமல் சிதறும். நீங்கள் கேட்கும் 'உஸ்' சத்தம் அதுதான். அதைப் போக்க இன்னும் பலமாக ஊதினால் சுருதி ஏறும், தலை சுற்றும், நாதம் மட்டும் வராது. தயவுசெய்து பலத்தைக் கூட்டாதீர்கள். இடைவெளியைச் சிறிதாக்குங்கள்.

அதற்கு முன் குழலையும் சோதித்துவிடுங்கள். மூங்கில் காய்ந்து மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம். விரல் துளைகளை டேப்பால் ஒட்டி, கீழ் முனையை உள்ளங்கையால் அடைத்து, ஊதுதுளையில் வாய் வைத்து மெல்ல உறிஞ்சுங்கள். உள்ளே இழுக்கும் பிடிப்பு சில விநாடி நின்றால் குழலில் குறையில்லை. உடனே விட்டுப்போனால் எங்கோ கசிகிறது. கசியும் குழலில் எவ்வளவு சாதகம் செய்தாலும் மந்தர ஸ்தாயி, அதாவது கீழ் ஸ்தாயி, திறக்காது.

முதல் 2 வாரம் ஒரு வேளைக்கு 10 நிமிடம், நாளுக்கு 3 வேளை போதும். 10 நிமிடம் ஆகும் முன்பே உதடு நடுங்கத் தொடங்கினால் குழலை வைத்துவிடுங்கள். உதடு களைத்த பிறகும் வாசித்தால் குழலை முகத்தோடு அழுத்திப் பிடிக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்; அதை விடுவிப்பது பெரும் பாடு.

ஊதுதுளைக்கு அருகிலுள்ள மேல் 2 துளைகளை மூடி, தம்புராவோடு மத்திய சட்ஜத்தில் (நடு ஸ்தாயி ஸ) 8 விநாடி கார்வை பிடியுங்கள், அதாவது ஸ்வரத்தை நீட்டி நிறுத்துங்கள். பிடித்தபடியே குழலை மிக மெல்ல உருட்டிப் பாருங்கள். உள்நோக்கி உருட்டினால் சுருதி இறங்கி நாதம் அடைபடும். வெளிநோக்கி உருட்டினால் சுருதி ஏறிக் காற்று கலக்கும். இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் மூங்கிலின் அதிர்வு விரல் நுனியில் தெரியும். அந்த இடத்தைக் கண்ணாடியில் பார்த்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். உதட்டு இடைவெளி சற்றே ஒரு பக்கமாக இருந்தால் கவலை வேண்டாம். மேலுதட்டின் நடுவில் சிறு முனை இறங்கியிருப்பவர்களுக்கு அப்படித்தான் அமையும்.

சட்ஜம் நிறைந்து ஒலித்த பிறகு, மூச்சை வெட்டாமல் நி, த, ப என்று இறங்குங்கள். சட்ஜத்தின் நிறம் ஒவ்வொரு ஸ்வரத்திலும் மாறாமல் கூடவே வர வேண்டும். கீழே போகப் போகக் காற்றின் வேகம் குறைந்து, அதன் திசையும் கொஞ்சம் தாழ வேண்டும். மேலிருந்து 6 துளை மூடிய மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி ப) மேல் ஸ்தாயிக்குத் தாவினால் மூச்சை இளக்கிப் பாருங்கள். அப்படியும் தாவினால் குற்றம் விரலில். பெரும்பாலும் மோதிர விரல் துளையை முழுதாக மூடியிருக்காது.

இது நிலைத்தபின், அதே 6 துளைகளை மூடி, விரலை அசைக்காமல் மந்தர பஞ்சமம், மத்திய பஞ்சமம், தார ரிஷபம் (மேல் ஸ்தாயி ரி) மூன்றையும் வரிசையாக எழுப்புங்கள். உதட்டை முன்னே குவித்து இடைவெளியைச் சுருக்கினாலே மேலே போகும். வயிற்றால் தள்ள வேண்டியதில்லை. உதடு திரும்பியதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. அது கைவரும் வரை வர்ணம் முதல் காலத்திலேயே, மெதுவான வேகத்திலேயே, இருக்கட்டும்.

அன்புடன்,
தம்பி