30 நாளில் அவரை காய்க்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் வெளிவந்த மாடித்தோட்டக் கட்டுரையில், ‘30 நாளில் உங்கள் வீட்டுக் காய்கறி உங்கள் தட்டில்’ என்ற வரியைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. 30 நாளில் தட்டுக்கு வருவது கீரைதான். சிறுகீரையை 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையில் ஒரு மாதத்தில் முதல் அறுப்பு அறுக்கலாம். கத்தரிக்கு விதை போட்ட நாளிலிருந்து ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும் என்பதும், ஆடியில் ஊன்றிய பந்தல் அவரை பனிக்காலத்தில்தான் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் என்பதும் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. தெரிந்திருந்தும் அந்த வரி எப்படி அச்சேறியது என்பதே என் வருத்தம்.

ஆசிரியைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டில், ஆடி வரை காத்திருக்கப் பொறுமையின்றிச் சித்திரையிலேயே கொல்லையில் அவரை ஊன்றினேன். கொடி பந்தலை மூடிப் பக்கத்து வீட்டு ஓட்டின் மேலும் ஏறியது. பூ ஒன்றுகூட இல்லை. மண்ணில்தான் குறை என்று எண்ணி எருவைக் கூட்டினேன். இலை மட்டும் இன்னும் அடர்ந்தது. பகல் குறுகினால்தான் எங்கள் ஊர் அவரை பூக்கும் என்பது ஐப்பசி கடந்து முதல் பூங்கொத்தைக் கண்ட பிறகே எனக்குப் புரிந்தது. மறு ஆண்டு மார்கழியில் கொழுந்தெல்லாம் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டபோது, பூச்சிமருந்து வாங்கக் கிளம்பிய என்னை என் மாமியார் தடுத்து, அடுப்புச் சாம்பலைத் தூவிவிட்டுப் பத்து நாள் பொறுத்திருக்கச் சொன்னார். அதற்குள் பொறிவண்டுகள் வந்து அசுவினியைத் தின்னத் தொடங்கிவிட்டன. நினைத்ததைச் சந்தையில் வாங்கிச் சமைத்து வந்த நாங்கள், கொல்லையில் இருப்பதைச் சமைக்கப் பழகியது அதன் பிறகுதான். தை முழுதும் எங்கள் வீட்டில் அவரைக்காய்ப் பொரியலும் குழம்பும்தான். காய் குறைந்த வைகாசியில் கத்தரி வற்றலும் மோர்மிளகாயும் துவையலும் போதுமானவையாக இருக்கின்றன.

எங்கள் தெருவில் வசிக்கும் இளம் தம்பதியர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் தங்கள் இதழில் வந்த இதே போன்றதொரு கட்டுரையை நம்பி, 40 குரோ பேக்குகளும் தென்னைநார்க் கழிவும் வீரிய ஒட்டுத் தக்காளி நாற்றுகளும் வாங்கினார்கள். ஒரு மாதம் கழித்தும் பூவைத் தவிர வேறொன்றும் காணாததால், இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் பழம் பறிக்கலாம் என்று சொல்ல ஆளின்றி, தண்ணீர் ஊற்றுவதையே நிறுத்திவிட்டார்கள். ‘எனக்குக் கைராசி இல்லை டீச்சர்’ என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்குத் தங்கள் மீது கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வீரிய ஒட்டுச் செடியிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போல வராது, ஆகவே நாட்டு விதையையும் கைவசம் வைத்திருக்க வேண்டும் என்று அப்போதே தங்களுக்கு எழுதினேன். என் கடிதத்தை வெளியிட்டீர்கள். அந்த வரி மட்டும் நீக்கப்பட்டிருந்தது. சென்ற ஆண்டு ‘நிதானமான வாழ்க்கை’ என்று சிறப்பிதழ் கொண்டுவந்தபோது, மலைவாசத் தலங்களின் விடுதிகளுக்கு அத்தனை பக்கங்கள் கொடுத்த தாங்கள், ஒரு முருங்கைப் போத்துக்கோ ஒரு புடலைப் பந்தலுக்கோ ஒரு பத்தி கொடுக்கவில்லை. தமிழ் மாதப் பிறப்புதோறும் ‘இம்மாதம் என்ன விதைக்கலாம்’ என்று தாங்கள் வெளியிட்டு வந்த சிறு கட்டத்தையும் காரணம் சொல்லாமலே நிறுத்திவிட்டீர்கள். அவற்றைக் கத்தரித்து எங்கள் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தேன். சில இன்றும் அங்கே இருக்கின்றன. இது பற்றி இருமுறை எழுதியும் பதில் வரவில்லை.

ஆடி பிறக்க இன்னும் ஐந்து வாரங்கள் உள்ளன. அந்த நான்கு வரிக் கட்டத்தை ஆனி முதல் நாளிலேயே மீண்டும் தொடங்கி, எந்தக் காய் எத்தனை நாளில் பறிப்புக்கு வரும் என்பதையும் அதில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விதை தேடுவோருக்கு அப்போதுதான் அவகாசம் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
காவிரிக் கரையிலிருந்து ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியை