குளக்கரை மருதும் மீன்கழுகும்

ஆசிரியர் அவர்கட்கு,

குளப் புனரமைப்புக்காக வன்னியில் கரையோர மரங்கள் வெட்டப்படுவது பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தி கவலை தருகிறது. அணைக்கட்டில் மரம் வேர்விட்டால் ஆபத்து என்பதைக் கமக்காரர் அறிவர். ஆனால், நீரேந்து பக்கக் காட்டோரத்தில் நிற்கும் முதுமரங்கள் அணைக்கு என்ன தீங்கு செய்கின்றன? சாம்பல்தலை மீன்கழுகு அத்தகைய மரங்களில்தான் கூடு கட்டுகிறது. அச்சுறுத்தலை நெருங்கிய இனமாக, உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் உலகச் செம்பட்டியலில் இடம்பெற்றுள்ள இப்பறவை, ஒரே கூட்டைப் பல ஆண்டுகள் செப்பனிட்டுப் பயன்படுத்தும். எங்கள் ஊர்க் குளத்தில் கூடிருந்த மருது தறிக்கப்பட்ட பின்னர் அந்தச் சோடி அங்கே மீண்டும் கூடு வைக்கவேயில்லை.

மரம் தறிக்க அனுமதி வழங்குமுன், வனஜீவராசிகள் திணைக்கள அலுவலர்கள் கமக்காரர் அமைப்பினரையும் நன்னீர் மீனவர்களையும் அழைத்துச் சென்று கூடுள்ள மரங்களுக்கு அடையாளமிட வேண்டும்.

- வாசகர், மாங்குளம்