வெட்டிய 18 நிமிடம்

ஆசிரியருக்கு,

பழைய படம்தான் படம், இப்போது வருவதெல்லாம் வெறும் சத்தம் என்று எங்கள் டீக்கடையில் தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கிறது. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. 'காதலிக்க நேரமில்லை' 1964-ல் வந்தது, நாகேஷ் பேய்க்கதை சொல்லச் சொல்ல பாலையா முகம் மாறுவதை இன்றைக்குப் பார்த்தாலும் வயிறு வலிக்கச் சிரிக்கிறேன், சரி. அதற்காக 2024-ல் வந்த 'மெய்யழகன்' மட்டம் என்று ஆகிவிடுமா? இரண்டு பேர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசுகிறார்கள், ஒருவருக்கு மற்றவரின் பெயர்கூட ஞாபகம் இல்லை, அதைச் சொல்லவும் கூச்சம், அவ்வளவுதான் கதை. அந்தக் கதை நடக்கும் நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரனான எனக்கு அந்தக் கூச்சம் நன்றாகத் தெரியும். நீளம் என்று புகார் வந்ததும் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. சாவகாசமாகப் பேசுவதற்கென்றே எடுத்த படத்தில் போய்க் கத்தரி வைக்கலாமா?

நாம் ஒன்றும் பொறுமை இல்லாதவர்கள் அல்ல. 'மெட்டி ஒலி' டி.வி. தொடரை வருடக்கணக்கில், கரண்ட் போனால் பக்கத்துத் தெருவுக்கு ஓடியாவது பார்த்தவர்கள்தானே! அப்புறம் டி.வி.யில் வாராவாரம் வந்த, நாகா இயக்கிய 'விடாது கருப்பு' தொடர், அந்தக் குதிரைச் சத்தம் கேட்டால் இப்போதும் நான் தனியாகக் கொல்லைப்பக்கம் போகமாட்டேன். மயானக்கொள்ளைத் திருவிழாவை வைத்து 2022-ல் வந்த 'சுழல்' இணையத் தொடரையும் ஒரே மூச்சில் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அடுத்த வாரம் வரைக்கும் காத்திருந்து பயப்படுகிற சுகம் அதில் இல்லை.

ஒரு வாசகர், மன்னார்குடி