கன்னடத்துக்கும் தமிழுக்கும் நேர்வழி வேண்டும்

ஆசிரியருக்கு,

பெங்களூரில் ஒரு மருத்துவமனையில், ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவிடம் ‘மாத்திரையை நிறுத்த வேண்டாம்’ என்று மருத்துவர் கன்னடத்தில் சொன்னார். மருத்துவரின் கைபேசி, வாக்கியம் முடியும் முன்பே, ‘நிறுத்துங்கள்’ என்று மொழிபெயர்த்தது. எனக்குக் கன்னடம் தெரிந்ததால் தப்பித்தோம்.

இரு மொழிகளிலும் வினையும் மறுப்பும் கடைசியில்தான் வரும். உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி எதுவரை காத்திருப்பது என்பதே ஆய்வாளர்களுக்குப் பெரிய சிக்கல். வாக்கிய அமைப்பில் இவ்வளவு நெருங்கிய மொழிகளை ஆங்கிலம் வழியாகச் சுற்றவிடாமல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேரடியாக மொழிபெயர்க்கக் கருவியைப் பழக்கினால் அந்தக் காத்திருப்பு குறையும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023இல் வெளியிட்ட, 22 இந்திய மொழிகளுக்கான இண்டிக்டிரான்ஸ்2 என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. அதைக் கொண்டு, கைபேசியிலேயே இயங்கும் சிறிய கன்னட–தமிழ்க் கருவியை உருவாக்க இரு மாநில அரசுகளும் சேர்ந்து நிதி ஒதுக்க வேண்டும்.

– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு