வன்னியில் பிம் படிப்பிக்கிறவர்களுக்கும், வரைபடம் கேட்கிற அலுவலகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விரிவுரையாளர்களே, போதனாசிரியர்களே, திணைக்களங்களிலும் பிரதேச சபைகளிலும் வேலை செய்கிற பொறியியலாளர்களே, தொழில்நுட்ப உத்தியோகத்தர்களே,

கிளிநொச்சியில் கட்டட வரைபட வேலை செய்கிற ஒருத்தி எழுதுகிறேன். பிம் (Building Information Modelling) என்பது கட்டடத்தை அதன் தகவல்களோடு சேர்த்துக் கணினியில் மொடலாகச் செய்கிற முறை. அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன, இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் அங்கேதான், வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, இவை போதாதென்று ரவுனுக்கு ரவுன் தனியார் கணினி வகுப்புகள். சிவில் படிக்க ஆசைப்படுகிற பிள்ளை ஊரை விட்டுப் போயே ஆகவேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும். அதனால்தான், அங்கே பிம் படிப்பிக்கிற முறை மாறவேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

குறுகிய காலப் பயிற்சிகளில் 'பிம்' என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் றெவிட் என்கிற மென்பொருளின் பட்டன்களைக் காட்டிக்கொடுப்பதுதான். பிள்ளை ஏதோ ஒரு நாட்டு ரெம்பிளேட்டை (தயாராக வரும் தொடக்கக் கோப்பை) திறந்து, எங்கள் ஊரில் யாருமே கட்டாத பலகைச் சுவரில் ஒரு மாடி வீட்டை நிமிர்த்தி, நீச்சல் குளமும் வைத்து, அழகான படம் ஒன்றை எடுத்துக்கொண்டு சான்றிதழோடு வெளியே வருகிறது. அந்தப் பிள்ளையிடம் 6 அங்குல சிமெந்துக் கல்லுச் சுவருக்கு எத்தனை கல், பூச்சுக்கு எத்தனை பை சிமெந்து என்று மொடலிலிருந்து எடுத்துத் தா என்று கேட்டால் முழிக்கிறது. பிள்ளையில் குற்றம் இல்லை. யாரும் அதைக் கேட்டுப் படிப்பிக்கவில்லை.

வரைபடம் கீறும் மென்பொருளான ஓட்டோகாட்டில் சுவர் என்பது இரண்டு கோடு. பிம்மில் சுவர் சுவராகவே இருக்கும்: தடிப்பு, உயரம், எந்தப் பொருள், உள்ளே பூச்சு, வெளியே பூச்சு, எந்தத் தளத்தில் நிற்கிறது என்பதெல்லாம் அதோடு சேர்ந்தே இருக்கும். ஒரு யன்னலை ஒரு அடி தள்ளினால் பிளானிலும், முகப்பிலும், வெட்டுமுகத்திலும், யன்னல் பட்டியலிலும் ஒரே நேரத்தில் மாறும். சரி, இது எல்லோரும் சொல்வதுதான். சொல்லாமல் விடுவது எதுவென்றால், அந்தப் பட்டியலில் வருகிற எண் சரியாக இருக்க வேண்டுமானால் மொடல் செய்கிறவருக்குக் கட்டடம் எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பீமும் சிலாப்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டையும் இணைக்காமல் விட்டால் அந்தக் கொங்கிறீட் இரண்டு தரம் கணக்கில் வரும். சுவரைப் பீமின் அடியோடு நிறுத்தாமல் மேலே வரை இழுத்துவிட்டால் கல்லின் எண்ணிக்கை கூடும். எங்கள் நாட்டில் கட்டட வேலைகளை அளக்கும் முறைக்கு எஸ்எல்எஸ் 573 என்ற தரநிர்ணயம் இருக்கிறது, மென்பொருளுக்கு அது தெரியாது. எந்த எண்ணை அப்படியே பிஓகியூவில் (வேலை அளவுகளும் விலைகளும் எழுதும் பட்டியலில்) போடலாம், எதைத் திருத்திப் போடவேண்டும் என்று ஒரு ஆசிரியர்தான் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அதனால் நான் கேட்கிற முதல் விஷயம், பாடத்துக்கான கட்டடத்தை இங்கேயே எடுங்கள். போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய், ஏறத்தாழ 550 சதுர அடி. வன்னியில் படிக்கிற பிள்ளைகளில் எத்தனையோ பேர் வளர்ந்தது அப்படியான வீடுகளில்தான். அந்த வீட்டை மொடலாக்கச் சொல்லுங்கள்: அத்திவாரம், கல்லுச் சுவர், கதவு யன்னலுக்கு மேலே வரும் லின்ரல், கூரையின் கைமரம், சலாகை, ஓடு எல்லாவற்றோடும். அப்புறம் ஒரு அறையை 2 அடி கூட்டச் சொல்லுங்கள், கொங்கிறீட்டும் மரமும் கல்லும் எவ்வளவு ஏறுகிறது என்று அந்த நிமிடமே தெரியும். வீட்டுத்திட்டக் காலத்தில் அறையைச் சற்றுப் பெருப்பித்துவிட்டு, கூரை போடக் காசில்லாமல் கடன்பட்ட குடும்பங்களை நாங்கள் எல்லோரும் அறிவோம். அந்தக் கணக்கை முன்கூட்டியே காட்ட ஒரு வழி இருக்கிறது என்று படிக்கிற பிள்ளைக்கு விளங்கினால், அது அந்தப் பாடத்தை மறக்காது. பிறகு அதே பிள்ளை நாடாவைப் பிடித்துக்கொண்டு போய் உண்மையான வீட்டை அளந்து, மொடல் சொன்னதும் அளந்ததும் எங்கே வேறுபடுகிறது என்று எழுதட்டும். பரீட்சையே அதுதான் என்று வைத்துவிடலாம்.

நான் வரைபட வேலை செய்த மாடிக் கட்டடம் ஒன்றில் கழிவறைக் குழாய் போகிற பாதையில் பீம் வந்து நின்றது. கட்டட அமைப்பின் வரைபடம் ஒருவரிடமிருந்தும் குழாய் வரைபடம் இன்னொருவரிடமிருந்தும் வந்தன, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் கொடுக்கப்படவில்லை. கடைசியில் மேசன் பீமைக் கொத்தினார். கம்பி தெரியத் தெரியக் கொத்தியதைப் பார்த்து எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. இரண்டு மொடலையும் சேர்த்து மோதல் பார்க்கும் வசதி நேவிஸ்வேர்க்ஸ் போன்ற மென்பொருளில் இருக்கிறது. ஆனால் அது மோதலைக் காட்டும், அவ்வளவுதான். குழாயைத் திருப்புவதா, சிலாப்பைத் தாழ்த்துவதா என்று நாலுபேர் கூடியிருந்து முடிவெடுக்கிற பழக்கத்தை வகுப்பிலேயே உண்டாக்க வேண்டும். ஒருவர் கட்டட அமைப்பு, ஒருவர் குழாய், ஒருவர் மின்சாரம் என்று பிரித்துக் கொடுத்து, கிழமைக்கு ஒரு தரம் இருத்திப் பேச வையுங்கள்.

கட்டடத்தைவிட வன்னிக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது குளமும் வாய்க்காலும் தெருவும் மதகும். 2018 டிசம்பர் மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது தாழ்ந்த இடத்துக் கிராமங்கள் வெள்ளத்தில் நின்றன. அப்படியான நேரத்தில் ஒரு மதகின் அடிமட்டம் எவ்வளவு, எப்போது கட்டியது, கடைசியாக யார் திருத்தியது என்பது ஒரே இடத்தில் இருந்தால் எவ்வளவு உதவி! பிம்மில் இருக்கிற 'தகவல்' என்ற பகுதி இதற்குத்தான். வெவ்வேறு மென்பொருள்களுக்கிடையில் மொடலைப் பரிமாற உதவும் ஐஎஃப்சி என்ற பொதுக் கோப்பு வடிவத்தின் 2024ஆம் ஆண்டு ஐஎஸ்ஓ பதிப்பு தெரு, பாலம், ரயில்பாதை, துறைமுகம் வரைக்கும் விரிந்துவிட்டது. இங்கேயோ பிம் என்றால் இன்னும் மாடி வீடுதான்.

இதில் ஒரு சின்னத் தொழில் விஷயத்தையும் சொல்லவேண்டும், பலர் இடறுகிற இடம். எங்கள் நில அளவை எஸ்எல்டி 99 என்ற தேசியக் கட்டத்தில் வருகிறது, அதன் எண்கள் மீற்றரில் இலட்சக்கணக்கில் இருக்கும். அந்த எண்ணோடு அளவையை நேரே றெவிட்டின் உள் மையத்துக்குக் கொண்டுவந்தால், மையத்திலிருந்து 16 கிலோமீற்றருக்கு அப்பால் போன மொடலில் கோடுகள் குலையும், பிடிக்கவேண்டிய புள்ளியைப் பிடிக்காது. மொடலை மையத்துக்குக் கிட்ட வைத்து, உண்மையான இடத்தைப் பகிர்வு ஆள்கூற்றில் (எல்லா மொடலுக்கும் பொதுவான இட எண்களில்) கொடுக்க வேண்டும். நில வேலைகளுக்கான சிவில் 3டி மென்பொருளில் குளக்கட்டைச் செய்கிறவரும், றெவிட்டில் துருசுக் கட்டடத்தை (குளத்துத் தண்ணீரைத் திறந்து விடும் வாயிலை) செய்கிறவரும் இதை முதல் கிழமையே படித்திருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து பொருந்தும்.

இனி அலுவலகங்களுக்கு. ஐக்கிய இராச்சியம் 2016 ஏப்ரலில் இருந்து மத்திய அரசின் கட்டுமானங்களுக்குப் பிம் கட்டாயம் என்றது. சிங்கப்பூர் 2015இல் 5,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் அனுமதிக்கு மொடல் கேட்கத் தொடங்கியது. கேட்டார்கள், அதனால் படித்தார்கள். வன்னியில் யாரும் கேட்பதில்லை, அதனால் நன்றாகப் படித்த பிள்ளை கட்டாருக்கோ டுபாய்க்கோ போகிறது. போகிறவரை நான் குறை சொல்லமாட்டேன், குடும்பம் இருக்கிறது. ஆனால் இங்கே நிற்க விரும்புகிறவருக்கு ஒரு வேலையாவது இருக்க வேண்டுமே.

கட்டாயம் வேண்டாம். ஒரு மாவட்டத்தில் ஒரு கட்டடம், ஒரு வகுப்பறைத் தொகுதியோ கிராமிய வைத்தியசாலையோ, அதற்குப் பிரின்ற் வரைபடத்தோடு ஐஎஃப்சி கோப்பையும் தரவேண்டும் என்று கேள்விப்பத்திரத்தில் (ரெண்டரில்) ஒரு வரி போடுங்கள். வேலை முடிந்ததும் உண்மையில் கட்டியபடி மொடலைத் திருத்தித் தந்த பிறகுதான் கடைசிக் கொடுப்பனவு என்று இன்னொரு வரி. வாங்கிய கோப்பைப் பெயரிட்டு, எது வேலையில் இருப்பது, எது அனுமதிக்கப்பட்டது என்று பிரித்து வையுங்கள். பிம் தகவலை நிர்வகிப்பதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 19650 சொல்கிற ஒழுங்கின் அடிப்படை அதுதான். இப்போது மேசனின் போனில் ஒரு படம், ரீஓவின் (தொழில்நுட்ப உத்தியோகத்தரின்) கையில் இன்னொரு பிரின்ற், இரண்டில் எது கடைசி என்று சைட்டில் நின்று சண்டை. இடப்பெயர்வில் காணி உறுதியையே தொலைத்த மக்கள் நாங்கள். இனிக் கட்டுகிறவற்றின் பதிவாவது பத்திரமாக இருக்கட்டும்.

காசுப் பிரச்சினை எனக்கும் தெரியும். றெவிட்டைச் செய்கிற ஓட்டோடெஸ்க் நிறுவனத்தின் மென்பொருள் மாணவருக்கு இலவசம், ஆனால் அதை வைத்து சம்பள வேலை செய்யக்கூடாது, வெளியே வந்தால் டொலரில் வருட லைசென்ஸ், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அது சின்ன நிறுவனங்களுக்கு எட்டாத விலை. ஆகவே ஒரு மென்பொருளோடு பிள்ளைகளைக் கட்டிப்போடாதீர்கள். 2024 நவம்பரில் வந்த ஃப்ரீகாட் 1.0இலேயே பிம் வேலைத்தளம் சேர்ந்து வருகிறது, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் போன்சாய் என்ற பிம் இணைப்பு இருக்கிறது, இரண்டும் இலவசம், இரண்டும் ஐஎஃப்சியில் வேலை செய்யும். றெவிட்டையும் படிப்பியுங்கள், வேலைச் சந்தை அதைத்தான் கேட்கிறது. ஆய்வுகூடக் கணினிகளுக்கு 16 ஜிபி ரேமாவது போடுங்கள், பின்னேரமும் சனிக்கிழமையும் திறந்து விடுங்கள், ஏனென்றால் வீட்டில் அப்படியான கணினி வைத்திருக்கிற பிள்ளை குறைவு.

கையேடு தமிழில் வேண்டும். யூடியூபில் இருக்கிற தமிழ்ப் பாடங்கள் உதவிதான், ஆனால் அவை இந்திய விதிக்கோவைகளின்படி போகின்றன, இங்கே எங்களுக்கு யூரோகோட் என்கிற ஐரோப்பிய விதிக்கோவை. எங்கள் கல், எங்கள் கம்பி அளவு, எங்கள் கதவு யன்னல், எங்கள் கூரை மரங்கள் என்று றெவிட்டுக்கும் ஃப்ரீகாட்டுக்கும் நான் செய்து வைத்திருக்கிற கோப்புகளை எந்த நிறுவனம் கேட்டாலும் காசில்லாமல் தருவேன். பிழை இருந்தால் திருத்திவிட்டு, திருத்தியதை மற்ற நிறுவனங்களுக்கும் கொடுங்கள்.

நன்றியுடன்,
கிளிநொச்சியிலிருந்து ஒரு படவரைஞர்