இது பாட்டில் உரம் இல்லை, அப்பா

லிங்கன், இங்கிலாந்து,
18 மே 2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏப்ரல் கடைசியில் நீங்கள் கொடுத்தனுப்பிய பார்சலும் கடிதமும் போன வாரம்தான் கைக்கு வந்தன. உங்கள் மருமகள் வார்டில் வேலை பார்க்கும் அந்தத் திருவாரூர்ப் பெண் லீவு முடிந்து வந்ததும் நைட் டூட்டியில் மாட்டிக்கொண்டாள்.

"பொங்கலுக்கு அப்புறம் உன் கையெழுத்தையே பார்க்கவில்லை" என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். போனில் பேசுகிறேனே என்று சொல்லலாம். ஆனால் உங்களுக்குக் காது மந்தமானதிலிருந்து போனை அம்மாதான் வாங்கிக்கொள்ளுது. சாப்பிட்டியா, குளிருதா என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை. தப்பு என்மேல்தான். அதனால் நீங்கள் கேட்டதற்கெல்லாம் இன்று வரிசையாகப் பதில் எழுதிவிடுகிறேன்.

சங்கத்தில் யூரியா மூட்டை கேட்டால் கூடவே ஒரு நானோ யூரியா பாட்டிலையும் தலையில் கட்டுகிறார்கள், "உங்க பிள்ளை இருக்கிற சீமையிலயே இப்ப திரவ உரம்தான்" என்று வேறு சொன்னார்கள், நீ அடிப்பதும் அதுதானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை அப்பா. முதலில் வந்த அரை லிட்டர் பாட்டிலில் தழைச்சத்து (நைட்ரஜன்) 4 சதவீதம். அதாவது 20 கிராம். நம் 45 கிலோ மூட்டையில் 20 கிலோவுக்கு மேல் இருக்கிறது. மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இங்கே நான் கையாள்வது யூரியாவையும் அம்மோனியம் நைட்ரேட்டையும் சேர்த்துத் தண்ணீரில் கரைத்து டேங்கர் லாரியில் கொண்டுவந்து இறக்குவது. 100 லிட்டரில் 37 கிலோ தழைச்சத்து, நம் ரெண்டு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், ஆனால் 1000 லிட்டர் கிட்டத்தட்ட 1,300 கிலோ எடை.

பித்தளைக்கும் அதற்கும் ஆகாது. வந்த புதிதில் ஹோஸில் ஒழுகுகிறதே என்று ஷெட்டில் கிடந்த பித்தளைக் குழாயை மாட்டிவிட்டேன். ரெண்டு வாரத்தில் அது மயில்கழுத்து நிறமாகி, முன்னைவிட மோசமாக ஒழுகியது. வண்டி ஓட்டும் பெரியவர் திட்டவில்லை. ஒரு பிளாஸ்டிக் குழாயை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பி.எஸ்சி. அக்ரி படித்ததை அன்றிலிருந்து அவரிடம் சொல்லிக்கொள்வதில்லை.

உரம் தெளிக்கும் வண்டிக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து 36 மீட்டர் கை. பூச்சி மருந்து மாதிரிப் புகையாக அடிக்கக்கூடாது, அடித்தால் இலை கருகிவிடும். கயிறு கயிறாக ஒழுகவிட்டால் இலையில் பட்டு உருண்டு மண்ணில் விழும். உச்சி வெயில் ஆகாது. விடியலில் இலையில் பனி இருந்தாலும் ஆகாது. எனக்கு மிஞ்சுவது சாயங்காலம் ஆறுக்கு மேல். இங்கே ஒன்பது மணிவரை வெளிச்சம் இருப்பதால் தோது.

இனி நீங்கள் கேட்காத விஷயம், ஆனால் கேட்டால் ரசிப்பீர்கள். நாம் உரத்தைப் போட்டுவிட்டு மடையைத் திறக்கிறோம். இங்கே கோதுமைக்கு மடை கிடையாது. உரத்தை வேருக்குக் கொண்டுபோக மழைதான் வர வேண்டும், ஒரு 10 மில்லிமீட்டராவது. எங்கள் பண்ணை இருக்கும் மேட்டில் ஒரு முழம் தோண்டினால் சுண்ணாம்புக் கல். ரெண்டு வாரம் மழை இல்லையென்றால் பயிர் நிறம் மாறிவிடும். இந்த வருஷம் மார்ச்சிலிருந்தே மழை ஏய்த்துவிட்டது. 1956க்கு அப்புறம் இங்கிலாந்தில் வசந்தத்தின் தொடக்கம் இவ்வளவு காய்ந்ததில்லையாம்.

வழக்கமாக மூன்று தவணை. பிப்ரவரி கடைசியில் தூர் கட்ட ஏக்கருக்கு 16 கிலோ தழைச்சத்து. ஏப்ரல் முதல் வாரம், தண்டு எழும்பும்போது 40. மே மாதம், கதிருக்கு முன் வரும் கடைசி இலையான கண்ணாடி இலை விரிகையில் 24. நாம் சம்பாவுக்கு எல்லாம் சேர்த்து 60 கிலோ போடுகிறோம், இவர்கள் 80. இந்த வருஷம் மார்ச் மூன்றாம் வாரமே முதலாளி மண்வெட்டியோடு வயலில் இறங்கினார். ஒரு வெட்டு வெட்டி, மண்ணை அள்ளிப் பிடித்துப் பார்த்தார், உருண்டை நின்றது. "பெரிய தவணையை இப்பவே விடு" என்றார். பெரியவருக்குச் சம்மதமில்லை. பயிருக்கு இன்னும் பசி எடுக்கவில்லை, இப்போது கொட்டினால் வேண்டாத தூரெல்லாம் வைத்து அப்புறம் சாகும் என்றார். முதலாளி சொன்னது ஒன்றுதான்: பசி எடுக்கும்போது ஈரம் இருக்காது.

மூன்றே நாளில் அடித்து முடித்தோம். அந்த வார முடிவில் ஒரு தூறல். அதற்கப்புறம் ஏப்ரல் பூராவும் வானம் நீலம். பக்கத்துப் பண்ணையில் முறைப்படி ஏப்ரலில் குருணை வீசினார்கள். வண்டித் தடத்தில் அது ரெண்டு வாரம் வெள்ளை வெள்ளையாகக் கிடந்ததை நானே பார்த்தேன். திரவமாக இருந்தால் பிழைத்திருக்கும் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் நம்பிக்கை. கரைந்தே வந்தாலும் மேல்மண் ரெண்டு அங்குலம் பொடியாகக் காய்ந்திருந்தால் அங்கே வேர் குடிக்காது. இதில் பாதி யூரியா வேறு. விடியல் பனியில் நனைந்து பகல் வெயிலில் காய்ந்தால் ஆவியாகப் பறக்கும். எங்களைக் காப்பாற்றியது முந்தி அடித்த நாள்தான். பயிர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றாலும் கரும்பச்சையாக இருக்கிறது.

பார்லிக்கு வேறு நியாயம். அதை மால்ட் போட்டு பீருக்கு அனுப்புகிறார்கள். மணியில் தழைச்சத்து 1.85 சதவீதத்தைத் தாண்டினால் விலையில் கைவைப்பார்கள். தாமதமாகக் கொடுத்தது அப்படியே மணிக்குள் போய்விடும் என்பதால் விதைத்த கையோடு எல்லாவற்றையும் கொடுத்து முடித்துவிட்டோம். கோதுமையில் தலைகீழ். ரொட்டி மில்லுக்கு 13 சதவீதம் புரதம் வேண்டும். அந்தக் கடைசி 24 கிலோ அதற்குத்தான். கண்ணாடி இலை முழுசாக விரிந்து ஒரு வாரமாகிறது, உரம் தொட்டியிலேயே இருக்கிறது. அடித்தபின் மழை வராவிட்டால் காசு மண்ணோடு போச்சு. அடிக்காமல் மழை வந்தால் அந்த மழை போச்சு. முதலாளி காலையில் ஒன்று சொல்கிறார், மதியம் ஒன்று சொல்கிறார்.

யூரியா பறக்காமலிருக்க ஒரு மருந்தும் கலக்கிறார்கள். நல்ல விலை. அந்த கேனைத் திறந்து ஊற்றும்போதெல்லாம் எனக்கு நம் வீட்டுக் கொல்லைதான். வேப்பம்பிண்ணாக்கை இடித்து, அஞ்சுக்கு ஒன்று என்று யூரியாவோடு பிசறி, ராத்திரி முழுக்கச் சாக்குப் போட்டு மூடி வைப்பீர்களே. ரெண்டும் ஒரே வேலை இல்லை, வேம்பு செய்வது வேறு, இது செய்வது வேறு, பரீட்சையில் எழுதியிருக்கிறேன். இருந்தாலும். பிசறிய கையை எத்தனை தரம் கழுவினாலும் சோற்றில் கசக்கும். அம்மா திட்டிக்கொண்டே உருட்டி வாயில் வைக்கும். போன செவ்வாய்க்கிழமை தொட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. பெரியவர் வந்து தோளைத் தொட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அம்மோனியா கண்ணில் பட்டது என்றேன்.

அதை விடுங்கள். பக்கத்து வீட்டு மழைத் தாத்தாவைப் பற்றி அம்மா கேட்டதே, சுகமாக இருக்கிறார். காலை சரியாக ஒன்பது மணிக்குச் செருப்புக்கூட இல்லாமல் தோட்டத்துக்கு வந்து மழைமானியைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். ஏப்ரல் காலண்டரில் பெரும்பாலும் முட்டை. முட்டையாக இருந்தாலும் ஒரு நாள் விடாமல் எழுதுகிறார். எழுதிவிட்டு வேலிக்கு மேலாக விரலை வளைத்து எனக்கும் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிளம் பிரெட் என்று ஒன்று தருவார், உலர்ந்த திராட்சை போட்ட ரொட்டி. அதை இவர்கள் பாலாடைக்கட்டியோடு சாப்பிடுவார்கள். நான் மிளகாய்ப்பொடி தொட்டுச் சாப்பிடுவதை ஒருநாள் பார்த்துவிட்டார். அதிலிருந்து எனக்கு ஏதோ வைத்தியம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் மருமகளுக்கு நைட் டூட்டி என்றால் சில நாள் நான் பேசுகிற ஒரே ஆள் அவர்தான். பொழுது நன்றாகவே போகிறது.

மழை இல்லாததால் வேலை இலேசு. வெள்ளிக்கிழமைகளில் வரவேண்டாம் என்கிறார்கள், ஓய்வாக இருக்கிறது. காரைக் கொடுத்துவிட்டேன். சைக்கிள் உடம்புக்கு நல்லது. இந்த மாசப் பணம் மட்டும் கொஞ்சம் தள்ளிவரும். பேங்கில் ஏதோ மாற்றுகிறார்கள், வேறொன்றுமில்லை.

தங்கச்சி பையன் காதுகுத்து ஆவணியில் என்று முடிவாகிவிட்டதா? இங்கே ஆகஸ்ட் அறுப்பு. அந்த நேரம் லீவு கேட்க வாய் வராது. என் மடியில்தான் உட்கார வேண்டும் என்று அவள் போனில் அழுதாள். பெரியப்பா மகனை உட்காரச் சொல்லுங்கள், அவனும் தாய்மாமன்தானே. சீர் நான் செய்வதுதான். தோடு அரைப் பவுனில் போதுமா, மாப்பிள்ளை வீட்டில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று அம்மாவை நைசாக விசாரிக்கச் சொல்லுங்கள். இப்போதைக்கு நகைக்கடையில் முன்பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள்.

சித்தப்பா வடக்குப் பங்கு மூன்று மாவைப் பிளாட்காரனுக்குக் கொடுக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். விற்பது அவர் இஷ்டம். ஆனால் நம் கீழ வயலுக்குத் தண்ணீர் வருவது அவர் வரப்பு ஓரத்து வாய்க்காலில். வாய்க்கால் பாத்தியத்தைப் பத்திரத்தில் தெளிவாக எழுதினால் ஒழிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தம்பி பாசத்தில் போட்டுவிடுவீர்கள் என்றுதான் பயம். ஜூன் 12 மேட்டூர் திறந்துவிடுவார்கள் என்கிறீர்கள். தண்ணீர் வருவதற்குள் அந்த வாய்க்காலை ரெண்டு ஆள் விட்டு வெட்டிவிடுங்கள். வெட்டியதற்குச் சாட்சியாக மேலத்தெரு மாமா பக்கத்தில் நிற்கட்டும். சிட்டா நகல் பீரோவில் நீல பைலில் இருக்கிறது.

அம்மாவின் முட்டி வலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஆள் போகும்போது கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்

பி.கு.: ஆவக்காய் பாட்டில் மூடி வழியில் கழன்றுவிட்டது. ஊறுகாய் பாதிக்குமேல் தப்பித்தது. ஆனால் எண்ணெய் கடிதத்தில் இறங்கி, நீங்கள் எழுதிய கடைசிப் பத்தியைப் படிக்க முடியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "நீ எப்போது" என்பது வரைக்கும் தெரிகிறது. மிச்சத்தை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.