‘ரிஃபிஃபி’க்கு இடைவேளை எங்கே விடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரில் அண்மையில் திரையிடப்பட்ட ‘ரிஃபிஃபி’ என்ற, நகைக்கடைக் கொள்ளை ஒன்றைச் சொல்லும் 1955-ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படத்தைப் பற்றி, தங்கள் ஞாயிறு இணைப்பில் பார்வையாளர்களின் கருத்துகள் வெளியாகியிருந்தன. மூன்று குறைகள் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருந்தன. கொள்ளைக் காட்சி பேச்சே இல்லாமல் அரை மணி நேரம் இழுக்கிறது. கொள்ளை முடிந்த பிறகும் படம் முடிய மாட்டேன் என்கிறது. பெண்ணை அடிக்கும் காட்சி சகிக்க முடியவில்லை.

மூன்றாவது குறை முழுக்க நியாயமானது. கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் டோனி தன் பழைய காதலி மாடோவை பெல்ட்டால் அடிக்கும் இடத்தை, ‘அந்தக் காலத்துப் படம்’ என்று சொல்லி மழுப்ப வேண்டியதில்லை. படத்தை எத்தனை நேசித்தாலும் அது உறுத்தும். திரையிடுபவர்கள் இதை அறிவிப்பிலேயே சொல்லிவிட்டால், குழந்தைகளோடு வர நினைப்பவர்கள் யோசித்து முடிவெடுப்பார்கள்.

முதல் குறைதான் எங்களை எழுத வைத்தது. அதில் பெரும்பங்கு படத்துடையதல்ல, படம் காட்டப்பட்ட விதத்துடையது. பேச்சில்லாத படத்தில் தமிழர்கள் உட்கார மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்க முடியாது. பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ 1954-இலேயே வந்துவிட்டது. 1987-இல் வந்த ‘பேசும் படம்’ இதே பெங்களூரில் எடுக்கப்பட்டது. ஒரு வசனமும் இல்லாமல் கடைசி வரை ரசித்துப் பார்த்தோமே! ஒரு வேறுபாடு உண்டு. அதில் பேச்சு இல்லாவிட்டாலும் பின்னணி இசை இருந்தது. ‘ரிஃபிஃபி’யின் கொள்ளையில் இசையும் கிடையாது. இசையமைப்பாளர் ஜோர்ஜ் ஓரிக் அந்தக் காட்சிக்கு இசை எழுதித்தான் கொடுத்தார். இயக்குநர் ஜூல்ஸ் டாசின் இசையோடு ஒரு முறையும் இசையில்லாமல் ஒரு முறையும் காட்சியைப் போட்டுக் காட்ட, இசை வேண்டாம் என்று ஓரிக்கே சொல்லிவிட்டார்.

ஆகவே அந்த அரை மணி நேரத்தில் சின்னச் சின்னச் சத்தங்கள்தான் கதை சொல்கின்றன. நகைக்கடைக்கு மேலே இருக்கும் வீட்டின் தரையை உடைக்கிறார்கள். முதலில் சின்னதாக ஒரு துளை. அதன் வழியாக மடக்கிய குடையைக் கயிற்றில் கட்டி இறக்கி, கீழே விரிய விடுகிறார்கள். பிறகு துளையைப் பெரிதாக்க, உதிரும் காரை கடைத்தரையில் விழாமல் குடைக்குள் விழுகிறது. இவ்வளவு பாடு எதற்கு என்றால், கடையின் அபாய மணி அதிர்வுக்கே அலறும். அதே வகை மணியைக் கொண்டுவந்து, எதைச் செய்தால் ஒலிக்கிறது, எதைச் செய்தால் அடங்குகிறது என்று அவர்கள் சோதிக்கும் காட்சி முன்னாலேயே வந்துவிடுகிறது. தீயணைப்புக் கருவியின் நுரைதான் அதன் வாயை அடைக்கும் என்று அங்கேதான் கண்டுபிடிக்கிறார்கள். தாமதமாக வந்து அந்தக் காட்சியைத் தவறவிட்டவருக்கு, ஓர் இருமலை ஏன் இப்படி அடக்குகிறார்கள் என்பது புரியாது. காட்சி இழுப்பது போலத்தான் தோன்றும். படம் தொடங்கிய பிறகு கதவைத் திறந்து திறந்து ஆள் விடும் வழக்கம் இந்தப் படத்துக்கு ஆகாது.

அடுத்தது இடைவேளை. படத்தின் நீளம் 118 நிமிடம். பாதியில் நிறுத்தினால் 59-ஆவது நிமிடம். அது கொள்ளையின் நடுவில் விழுகிறது. படம் காட்டப்பட்ட மண்டபத்தில் (பெயர் சொல்ல விரும்பவில்லை) அப்படித்தான் நிறுத்தி, விளக்கைப் போட்டு, டீ கொடுத்தார்கள். திரும்பி வந்த கூட்டம் அடங்கவே பல நிமிடம் ஆனது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டிய காட்சியை இரண்டாக வெட்டிவிட்டு, இழுக்கிறது என்று படத்தைச் சொல்வது என்ன நியாயம்? இடைவேளையே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கட்டாயம் வேண்டுமென்றால் கொள்ளை முடிந்து பொழுது விடிந்த பிறகு விடலாம்.

ஒலி அளவை எங்கே வைத்துச் சரிபார்ப்பது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். மகாலி நோயல் பாடும் கேளிக்கை விடுதிப் பாட்டைப் போட்டுப் பார்த்து, ‘அதிகமாக இருக்கிறது’ என்று குறைத்துவிடுகிறார்கள். பாட்டு அளவாகிவிடும், கொள்ளை காணாமல் போய்விடும். காரை குடைக்குள் உதிரும் இடத்தைப் போட்டு, கடைசி வரிசையில் ஒருவரை உட்கார வைத்து, அவர் காதுக்கு எட்டும்வரை ஒலியைக் கூட்ட வேண்டும். பாட்டு கொஞ்சம் சத்தமாக ஒலித்தால் ஒலிக்கட்டும். ஆம்பிளிஃபயரில் ‘நைட் மோட்’ இருந்தால் அணைத்துவிட வேண்டும். அது உரத்த சத்தத்தை அமுக்கி மெல்லிய சத்தத்தைத் தூக்குவதால், இரைச்சல் மேலே வந்து சுத்தியல் அடியின் உறைப்பு போய்விடும். இது ஒற்றைத் தட (மோனோ) ஒலி கொண்ட படம். செயற்கையான சரவுண்ட் எதுவும் வேண்டாம், நடு ஸ்பீக்கர் போதும்.

மண்டபத்தின் சொந்தச் சத்தத்தையும் கவனிக்க வேண்டும். மின்விசிறிகளை நிறுத்திவிட வேண்டும். ஏசி இருந்தால் முன்னதாகவே போட்டு அறையைக் குளிர வைத்து, கொள்ளைக் காட்சிக்கு முன் வேகத்தைக் குறைத்துவிடலாம். நம் ஊரில் கரண்ட் போவது புதிதல்ல. போனவுடன் யுபிஎஸ் ‘பீப், பீப்’ என்று கத்தத் தொடங்கும். பல யுபிஎஸ்களில் அந்த ஒலியை நிறுத்த வழி உண்டு. முதல் நாளே நிறுத்தி வைக்கலாம். சிப்ஸ் பாக்கெட்டுகளை உள்ளே விடாமல் இருப்பதும் நல்லது.

படத்தின் வடிவமும் முக்கியம். இதன் அகல உயர விகிதம் 1.37-க்கு 1. இன்றைய திரைகள் 1.78-க்கு 1. திரை நிறைய வேண்டும் என்று படத்தை இழுத்தால் அகலம் 30 சதவீதம் கூடி ஆட்கள் குண்டாகிவிடுவார்கள். பெரிதாக்கி நிரப்பினால் மேலும் கீழும் சேர்த்து ஏறத்தாழ கால் பங்கு வெட்டுப்படும். கைகள்தான் நடிக்கும் காட்சியில் கைகளே காணாமல் போகும். 12 அடி அகலத் திரையில் இந்தப் படம் சுமார் 9¼ அடிதான் நிறைக்கும். இரு பக்கமும் 16 அங்குலம் போல மிஞ்சும் இடத்தைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டால் கண்ணுக்கு உறுத்தாது. டாசின் வெயிலைத் தவிர்த்து, மப்பும் மந்தாரமுமான நாட்களிலேயே பாரிஸ் தெருக்களைப் படம் பிடித்தார். புரொஜெக்டரை ‘விவிட்’ அமைப்பில் விட்டால் அந்தச் சாம்பல் நிறம் வெளிறிப் போகும். ‘சினிமா’ அமைப்பில் வைத்து, அசைவை மென்மையாக்கும் வசதியையும் அணைக்க வேண்டும். ஐரோப்பிய டிவிடி என்றால் இன்னொரு சிக்கல். வினாடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) கொண்ட படம் அதில் 25-ஆக ஓடும். 118 நிமிடம் 113 ஆகும், குரல்களின் சுருதியும் சற்று ஏறும். டோனியாக நடித்த ழான் செர்வேயின் குரலில் இருக்கும் களைப்பே அந்தப் பாத்திரத்தின் பாதி, அது மெலிந்துவிடும். புளூ-ரே கிடைத்தால் அதையே போடுங்கள்.

இரண்டாவது குறைக்கு வருகிறோம். கொள்ளை வெற்றி பெற்றதோடு படம் முடிந்திருக்க வேண்டும் என்பவர்கள், சீசர் பாத்திரத்தை மறுபடி கவனிக்க வேண்டும். பெட்டகம் திறக்கும் வல்லுநரான அவன், ஒரு பாடகிக்காக ஒரே ஒரு மோதிரத்தை எடுத்து வைத்துக்கொள்கிறான். அந்த மோதிரம்தான் எதிர்க் கும்பலுக்கு வழிகாட்டுகிறது. பிடிபட்ட சீசர் கூட்டாளியின் பெயரைச் சொல்லிவிட, டோனி அவனைச் சுட்டுக் கொல்கிறான். சீசராக நடித்தவர், பெர்லோ வீட்டா என்ற பெயரில், டாசினேதான். கம்யூனிஸ்ட் என்று சக கலைஞர்கள் காட்டிக்கொடுத்ததால் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சேர்ந்து, வேலையிழந்து, நாட்டை விட்டே வெளியேறியவர் அவர். காட்டிக்கொடுத்தவனின் வேடத்தைத் தானே ஏற்று, அவனுக்கு மரண தண்டனையும் கொடுக்கிறார். கொள்ளைக்குப் பிறகு வரும் பகுதிக்காகவே அவர் இந்தப் படத்தை எடுத்தார் என்று நினைக்கத் தோன்றுகிறது. கடைசியில் குண்டடிபட்ட டோனி, பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடும் சிறுவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காரை ஓட்டி வரும் காட்சியை, பாதியில் எழுந்து போனவர்கள் இழந்துவிட்டார்கள்.

1971 முதல் சுசித்ரா திரைப்படச் சங்கம் இயங்கிவரும் ஊர் இது. நல்ல படம் பார்க்கும் கூட்டத்துக்கு இங்கே பஞ்சமில்லை. தங்கள் நாளிதழின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் திரையிடல்களை அறிவிக்கும்போது, படத்தின் நீளம், துணைத்தலைப்பு எந்த மொழியில், இடைவேளை உண்டா இல்லையா, தாமதமாக வருபவர்களுக்கு அனுமதி உண்டா ஆகிய நான்கையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம். அமைப்பாளர்களிடம் இவற்றைக் கேட்டு வாங்கத் தொடங்கினாலே, பாதிப் பேர் படத்தை ஒரு முறை முன்கூட்டிப் போட்டுப் பார்த்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
திரையிடல் பணியில் உள்ள நண்பர்கள்,
அல்சூர், பெங்களூரு